படாத பாடு

(கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்து பகல் தூக்கத்தையும் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் மீனவத் தோழர்களே, ஷிப்டு முடிந்த கையோடு வந்திருக்கும் ஆலைத் தொழிலாளர்களே, இவர் எப்போது முடிப்பார் என்று முன்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் என் வணக்கம்.

இன்று ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரே ஒரு சொல். அதை முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்.

போன மாதம் கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "ஐயா, 'எல்யூசிவ்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை பாடத்துல வருது. சுலபத்துல பிடிக்க முடியாததுன்னு அர்த்தம் போட்டிருக்கு. தமிழ்ல இதுக்கு ஒரே வார்த்தை என்னங்க ஐயா?" என்று கேட்டாள்.

"சொல்றேம்மா. முதல்ல நீ சொல்லு. எது, யார் கையிலேர்ந்து தப்பிக்குது?" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க ஐயா? ஒரு வார்த்தை போதும்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். யோசித்ததில் ஒன்று விளங்கியது. தமிழில் இதற்கு ஒரு சொல் இல்லை என்பதல்ல. ஒரு சந்தையே இருக்கிறது. எது தப்புகிறது, யார் கையிலிருந்து தப்புகிறது, தப்புவது நல்லதா கெட்டதா என்று கேட்காமல் தமிழ் நமக்குச் சொல்லை எடுத்துக் கொடுப்பதில்லை.

கொஞ்சம் அந்தச் சந்தைக்குள் போய்ப் பார்ப்போமா?

கடன் வாங்கியவன் கண்ணில் படாமல் திரிந்தால், "டிமிக்கி கொடுக்கிறான்" என்கிறோம். ஊரை விட்டே போய்விட்டால், "கம்பி நீட்டிவிட்டான்". போலீசை அலையவிட்டால், "தண்ணி காட்டுகிறான்". கேள்வி ஒன்று கேட்டால் பதில் வேறொன்றாக வந்தால், "மழுப்புகிறான்". காரணம் மேல் காரணமாக அடுக்கினால், "சால்ஜாப்பு சொல்கிறான்". கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் பையன் சிரித்துக்கொண்டே எழுந்து போனால், "பிடி கொடுக்க மாட்டேங்கிறான்". கணக்கு வாத்தியார் நடத்தியது மண்டையில் ஏறவில்லையா? "எனக்குப் பிடிபடவே இல்லை."

பாருங்கள், கடைசி இரண்டிலும் 'பிடி' இருக்கிறது. ஒன்று ஆள் நழுவுவது. இன்னொன்று பொருள் நழுவுவது. கையால் பற்றுவதற்கும் புத்தியால் பற்றுவதற்கும் தமிழன் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறான். ஒரு பாட்டு நமக்குப் பிடித்திருக்கிறது என்கிறோமே, அங்கே யார் யாரைப் பிடித்தது? பாட்டு நம்மைப் பிடித்துக்கொண்டது!

ஆனால் இன்று நான் பேச வந்த சொல் 'பிடி' அல்ல. அதன் முதுகில் ஏறி வருகிறதே, அந்தப் 'படு'. பிடிபடு, அகப்படு, தென்படு, புலப்படு, வசப்படு, கட்டுப்படு. எத்தனை 'படு'! இவற்றின் எதிர்ப்பக்கம்தான் நம் மாணவி கேட்ட சொற்கள்: பிடிபடாதது, அகப்படாதது, தென்படாதது, புலப்படாதது, வசப்படாதது, கட்டுப்படாதது. ஒரு கேள்விக்கு ஆறு விடை. கண்ணுக்குத் தப்பினால் தென்படாதது. புலனுக்குத் தப்பினால் புலப்படாதது. கட்டளைக்குத் தப்பினால் கட்டுப்படாதது. எந்த வலையிலிருந்து தப்பியது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

வலை என்று சொல்லிவிட்டேன். இனி கடற்கரைக்குப் போகாமல் இருக்க முடியாது.

இங்கிருந்து கிழக்கே போனால் உப்பனாறு, அதைத் தாண்டினால் கடல். சொத்திக்குப்பத்திலோ ராசாப்பேட்டையிலோ கரையேறும் படகைப் பார்த்து, "மீன் பிடித்தீர்களா?" என்று யாராவது கேட்பார்களா? கேட்பவர் வெளியூர்க்காரராக இருப்பார். நம்மவர் கேட்பது என்ன? "பாடு எப்படி?" அதற்குப் பதில் என்ன? "ஒண்ணும் படலை."

இந்த நாலு வார்த்தையில் ஒரு பெரிய அடக்கம் இருக்கிறது, கவனித்தீர்களா? 'நான் பிடித்தேன்' என்று மீனவர் சொல்வதில்லை. 'மீன் பட்டது' என்கிறார். வலை போட்டது என் வேலை. படுவதும் படாததும் கடலின் விருப்பம். காற்று, நீரோட்டம், நிலவு, நீரின் கலங்கல், அன்றைய அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு மீன் படுகிறது. அதனால்தான் கிடைத்ததற்கே 'மீன்பாடு' என்று பேர் வைத்தார்கள்.

மீன் பட்டால் பாடு. படாவிட்டால்? வீட்டில் உலை கொதிக்காது, டீசல் கடன் ஏறும், அடகுக் கடைக்குக் கம்மல் போகும். அதற்கும் நம் மொழி 'படாத பாடு' என்றுதான் பேர் வைத்திருக்கிறது. வேறெங்கோ வேறு பொருளில் பிறந்த வழக்காக இருக்கலாம். ஆனால் கடற்கரையில் நின்று கேட்டால் அது மீனவர் வாயிலேயே பிறந்தது போலத்தான் காதில் விழுகிறது. மீன் படாத நாளில் மனிதர் படும் பாடு!

சரி, கடலிலும் ஆற்றிலும் எல்லாவற்றையும் விட நழுவுவது எது? முன்வரிசைப் பிள்ளைகள் சொல்லுங்கள். விலாங்கு! சபாஷ்.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று பழமொழி. இரண்டு பக்கமும் நல்ல பேர் வாங்குகிறவனை நாம் விலாங்கு என்று திட்டுகிறோம். பாவம், அந்த மீன் அப்படி யாரையும் ஏமாற்றியதில்லை. உடம்பு முழுக்கச் சளிப்படலம் வைத்திருக்கிறது. அது அதன் தோலுக்குக் காவல். பிடிக்கிற கைக்குத்தான் தொல்லை. ஆனால் விலாங்கு உண்மையில் நழுவியது மீனவன் கையிலிருந்து அல்ல, அறிஞர்களின் கையிலிருந்து.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், விலாங்கின் வயிற்றில் முட்டையையும் காணாமல் விந்தையும் காணாமல், அது சேற்றிலிருந்து தானாகப் பிறக்கிறது என்று எழுதிவைத்தார். 1876இல் ஒரு மாணவர் இன்று இத்தாலியில் இருக்கும் கடலோர நகரமான திரியெஸ்தேவில் உட்கார்ந்து சுமார் 400 விலாங்குகளை அறுத்து, ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடினார். உறுதியாக எதையும் சொல்ல அவரால் முடியவில்லை. மீன் பிடிபடாததால் பிறகு மனித மனத்தைப் பிடிக்கப் போனார். அவர் பேர் சிக்மண்ட் பிராய்டு!

டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான்னஸ் ஷ்மிட் என்பவர் 1904 முதல் அட்லாண்டிக் பெருங்கடலை அலசினார். ஐரோப்பிய விலாங்கின் குஞ்சுகளை வலையில் எடுப்பார், அளப்பார், குறிப்பார். எந்தப் பக்கம் போனால் குஞ்சு இன்னும் சிறிதாகிறதோ அந்தப் பக்கம் கப்பலைத் திருப்புவார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! கடைசியில் பெர்முடா தீவை ஒட்டிய சர்காசோ கடல்தான் அவற்றின் பிறந்த வீடு என்று அறிவித்தார். ஆற்றில் வளர்ந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்திப் போய் நடுக்கடலில் முட்டையிட்டு அங்கேயே முடிந்துபோகிறது. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கடலில் விலாங்கு முட்டையிடுவதைக் கண்ணால் கண்டவர் இல்லை.

ஷ்மிட் செய்ததை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் துரத்தவில்லை. அளந்தார், குறித்தார். இதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது கடலை விட்டுத் தெற்கே போவோம். இந்தச் சாலையிலேயே போனால் சிதம்பரம். பிடிபடாத விஷயம் எதற்கும் தமிழ்நாடு முழுக்க ஒரே பேர்தானே? "இதென்ன பெரிய சிதம்பர ரகசியமா?"

சிதம்பர ரகசியத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பாதி அரங்கு தூக்கிவிட்டது. நடராசர் சந்நிதியின் பக்கத்திலேயே திரை தொங்குகிறது. திரை விலகுகிறது. உள்ளே என்ன? தங்க வில்வ இலைச் சரங்கள் தொங்குகின்றன. அவ்வளவுதான். சிலை இல்லை. லிங்கம் இல்லை. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத் தலம்; ஆகாயத்துக்கு எப்படி உருவம் செய்வது? திருவண்ணாமலையில் நெருப்பு, திருவானைக்காவில் நீர். சிதம்பரத்திலோ வெறும் வெளி. அந்த வெளிக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள்!

பிடிபடாத ஒன்றை நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பிடித்துவிட்டதாகப் பொய் சொல்லவில்லை. இல்லை என்று தள்ளவும் இல்லை. 'இது பிடிபடாதது' என்று ஒப்புக்கொண்டு அதைச் சுற்றி ஒரு திரையும் ஒரு மாலையும் வைத்தார்கள்.

மேற்கே வடலூர். மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் 1872இல் அங்கே சத்திய ஞான சபையைத் திறந்தார். தைப்பூசத்தன்று ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக, உள்ளே ஒரு சோதி. அந்த வள்ளலாரைப் படம் பிடிக்கப் புகைப்படக்காரர் பல முறை முயன்றும் உடுத்திய துணி மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் சொல்வார்கள். 1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவரைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நம்புகிறவர் நம்பட்டும், நம்பாதவர் விடட்டும். நான் சொல்வது வேறு. நம் மாவட்டத்தில் கிழக்கு வாசலில் விலாங்கு, தெற்கில் வெளி, மேற்கில் சோதி. பிடிபடாததோடு பழகிய மண் இது.

அப்படியானால் பிடிபடாமல் இருப்பது எப்போதும் பெருமையா? அவசரப்படாதீர்கள். அங்கேதான் சொல்லின் அடுத்த முடிச்சு இருக்கிறது.

மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டில் வாடிவாசல் திறந்து ஒரு காளை சீறிக்கொண்டு வெளியே வருகிறது. ஐந்து பேர் பாய்கிறார்கள். ஒருவர் கையிலும் திமில் நிற்கவில்லை. உடனே ஒலிபெருக்கியில் என்ன சத்தம்? மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரர் வந்து பரிசை வாங்கிக்கொள்ளலாம்! அங்கே 'பிடிபடவில்லை' என்பது வெற்றி முழக்கம்.

இன்னொன்று சொல்கிறேன். இங்கே சுருக்குமடி வேண்டும் என்பவர்களும் இருப்பீர்கள், வேண்டாம் என்பவர்களும் இருப்பீர்கள். சண்டை மூட்ட நான் வரவில்லை. ஆனால் சொல்லைப் பற்றிப் பேச வந்தவன் இதைத் தாண்டிப் போக முடியாது. சுருக்குமடி என்றால் என்ன? மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் கயிற்றைச் சுருக்கினால் பை போல மூடிக்கொள்ளும் வலை. உள்ளே வந்த எதுவும் வெளியே போகாது. தமிழ்நாடு அரசு அதை 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி கொடுத்தது.

ஏன் இவ்வளவு வழக்கு? வலைக்குக் கண் எதற்கு வைத்தார்கள்? மீனைப் பிடிக்கவா? மீனைப் பிடிக்க நூல் போதும். கண் வைத்தது விடுவதற்கு! பெரியது நிற்கட்டும், குஞ்சு போகட்டும் என்பதற்குத்தான் வலையில் கண். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகள் நிற்கின்றனவே, எதற்கு? அந்த 61 நாளும் மீன் பிடிபடக் கூடாது என்பதற்கு. பிடிபடாத குஞ்சுதான் அடுத்த ஆண்டின் பாடு. எல்லாவற்றையும் பிடித்துவிடும் வலை, நாளைய வலையைக் காலியாக்கிவிடும்.

ஆக, சில விஷயங்கள் பிடிபடாதவை, அவற்றை வணங்கலாம். சில விஷயங்கள் பிடிபடக் கூடாதவை; அவற்றை விட்டுவிடலாம். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. பிடிபட மறுப்பவை! அவற்றை என்ன செய்வது? இன்றைய பேச்சின் நடு முள் இதுதான்.

பிடிபட மறுப்பதில் தலைசிறந்தது எது? விலாங்கா? இல்லை. திருடனா? இல்லை. 'வலைவீசித் தேடுகிறார்கள்' என்று பத்திரிகை எழுதினால் இன்றோ நாளையோ திருடன் அகப்படுவான். தலைசிறந்தது பொறுப்பு. ஆமாம், பொறுப்பு! அதை மாதிரி கையில் நழுவுவது உலகத்தில் வேறொன்றும் இல்லை.

அது எப்படி நழுவுகிறது தெரியுமா? நாம் இத்தனை நேரம் புகழ்ந்தோமே, அதே 'படு'வைப் பிடித்துக்கொண்டுதான் நழுவுகிறது. ஒரு மனு கொடுங்கள். பதில் வரும். என்ன பதில்? "உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." எடுப்பவர் யார்? சொல்லில் இல்லை. "கோரிக்கை பரிசீலிக்கப்படும்." பரிசீலிப்பவர் யார்? சொல்லில் இல்லை. "ஆவன செய்யப்படும்." யாரால்? எப்போது? சொல்லில் இல்லை! மீனவர் 'மீன் பட்டது' என்றபோது அந்தப் 'படு'வில் அடக்கம் இருந்தது. அலுவலகக் காகிதத்தில் 'செய்யப்படும்' என்று வரும்போது அந்தப் 'படு'வில் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். எழுவாய் இல்லாத வாக்கியம் கண் பெரிதாகிப்போன வலை. பிடிக்க வேண்டிய பெரிய மீனே அதன் வழியாகப் போய்விடும்.

இலக்கணப் பாடம் என்று நினைக்காதீர்கள். உங்கள் மூக்கைத் தொட்டுச் சொல்கிறேன். ஆமாம், மூக்கைத்தான்!

1980களில் இந்தக் கடலூர்-சிதம்பரம் சாலையோரத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, இரசாயனம். வேலையும் வந்தது, நாற்றமும் வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், காரைக்காடு எல்லா ஊருக்கும் தெரிந்த கதை. இரவில் நாற்றம் அடிக்கும். காலையில் புகார் போகும். அதிகாரி வந்து சேரும்போது காற்று திசை மாறியிருக்கும். "எங்கேங்க நாத்தம்? ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டால் என்ன காட்டுவது? நாற்றத்தைப் பையில் போட்டு வைத்துக் காட்ட முடியுமா?

முடியும் என்றார்கள் இந்தப் பகுதி மக்கள்.

1990களின் நடுவில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கும் இதே தொல்லை. அவர்களுக்காக வாதாடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர், சாமானியர் கையாலேயே காற்றின் மாதிரியை எடுக்க ஒரு மலிவான கருவியை உருவாக்கச் செய்தார். கருவி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி! வாளிக்குள் இரசாயனம் ஒட்டாத தனிவகைப் பை. பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். வாளிக்குள் வெற்றிடம் வர, வெளியிலுள்ள காற்று குழாய் வழியாகப் பைக்குள் புகுந்துகொள்ளும். சில நிமிட வேலை. பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் காற்றில் என்னென்ன இருந்தன என்று பட்டியல் வந்துவிடும்.

அந்த வாளி 2004இல் நம் ஊர்களுக்கு வந்தது. சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்று ஒரு குழு. யார் அவர்கள்? விஞ்ஞானிகளா? இல்லை. இந்தக் கிராமங்களின் ஆண்களும் பெண்களும். நாற்றம் அடித்தால் குறிப்பேட்டை எடுப்பார்கள். என்ன தேதி, என்ன நேரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து, எதைப் போன்ற நாற்றம், மூக்கு எரிந்ததா, கண் எரிந்ததா? எல்லாம் ஏட்டில். நாற்றம் பலமானால் வாளியில்.

'எதைப் போன்ற நாற்றம்' என்று எழுதுவது சின்ன வேலை இல்லை. அழுகின முட்டை நாற்றமா, அது ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். அழுகின முட்டைகோஸா, அது மெர்காப்டனாக இருக்கலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவமா, அது அசிட்டோனாக இருக்கலாம். அந்த முட்டை நாற்ற வாயு இருக்கிறதே, அளவு மிகவும் கூடினால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நாம் நினைப்போம், நின்றது மூக்கு! ஆகவே மூக்கை மட்டும் நம்பக் கூடாது. மூக்கும் ஏடும் வாளியும் சேர வேண்டும்.

2004 செப்டம்பரில் அறிக்கை வெளிவந்தது. ஐந்து மாதிரிகளில் 22 நச்சு வேதிப்பொருள்கள். அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை. 'ஒண்ணும் இல்லையே' என்று சொன்ன காற்றில்!

அப்போது இன்னொரு உண்மையும் வெளிச்சத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட ஆவிகள் பலவற்றுக்கும் ஊர்க் காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற அளவே நம் நாட்டில் அன்று வகுக்கப்படவில்லை. கந்தக டையாக்சைடை அளந்தார்கள், தூசியை அளந்தார்கள். பென்சீனை? பட்டியலிலேயே இல்லை. 2009 நவம்பரில் தேசியக் காற்றுத்தரப் பட்டியலைத் திருத்தி 12 பொருள்களாக்கியபோதுதான் பென்சீன் அதில் ஏறியது. இப்போது சொல்லுங்கள், அந்த நாற்றம் பிடிபடாத நாற்றமா? இல்லவே இல்லை! சட்டத்தின் வலையில் கண் பெரிதாக இருந்தது. பிடிப்பவரிடம் வலை சரியில்லாமல் இருக்கும்போது, பிடிபடாதது என்று மீன்மேல் பழி போடக் கூடாது.

நம் மாணவிக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றை 'பிடிபடாதது' என்று சொல்லுமுன் கேட்க வேண்டிய கேள்வி: வலை சரியா?

அன்புக்குரியவர்களே, இந்த ஊரில் நின்றுகொண்டு நான் ஒரு நாளைச் சொல்லாமல் போனால் அது நழுவலாகிவிடும். 2025 ஜூலை 8. காலை நேரம். செம்மங்குப்பம் ரயில்வே கேட். பள்ளிக்குப் போன வேன். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போன பயணிகள் ரயில். மூன்று பிள்ளைகளை இழந்தோம். அந்த வீடுகளின் முன்னால் சொல் எதுவும் நிற்காது. ஒரு நிமிடம் பேசாமல் இருப்போம்.

நன்றி.

யார் குற்றம் என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. அது விசாரிப்பவர்கள் வேலை. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த கேட் அன்று இன்டர்லாக் செய்யப்படாத கேட். இன்டர்லாக் என்றால் என்ன? கேட்டும் சிக்னலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு. கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். மூடவில்லையா, சிக்னல் விழாது. இன்டர்லாக் இல்லாத கேட்டில்? நிலைய அதிகாரி போனில் கேட்பார். கேட்கீப்பர் மூடிவிட்டேன் என்று சொல்லி, அதற்கு அடையாளமாக ஓர் எண்ணையும் சொல்வார். அவ்வளவுதான். ரயிலுக்கும் சாலைக்கும் நடுவே நிற்பது ஒரு வாய்வார்த்தை. வார்த்தை நழுவும். தூக்கத்தில் நழுவும், அவசரத்தில் நழுவும், மறதியில் நழுவும். இரும்பு நழுவாது. அந்த விபத்துக்குப் பிறகு கேட்டுகளில் கேமரா வைக்கவும் இன்டர்லாக் வேலையை விரைவுபடுத்தவும் ரயில்வே ஆணையிட்டது. வந்த வலை நல்ல வலைதான். அது வருவதற்கு நாம் கொடுத்த விலையை இந்த ஊர் மறக்காது.

வாளி ஒரு வலை. இன்டர்லாக் ஒரு வலை. ஷ்மிட் இருபது ஆண்டு எழுதிய குறிப்பேடும் வலை. மூன்றிலும் ஒன்று பொது. மூன்றும் துரத்தவில்லை. மூன்றும் ஒன்றை இன்னொன்றோடு கட்டுகின்றன. நாற்றத்தை நேரத்தோடு கட்டியது வாளி. கேட்டை சிக்னலோடு கட்டுகிறது இன்டர்லாக். குஞ்சின் நீளத்தைக் கடலின் இடத்தோடு கட்டினார் ஷ்மிட். வலை என்றாலே முடிச்சுதானே? முடிச்சு இல்லாத நூல் எதைப் பிடிக்கும்?

மொழியிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. செயலைச் செய்தவரோடு கட்டும் முடிச்சு. 'எடுக்கப்படும்' என்று வந்தால் 'யார் எடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். 'விரைவில்' என்று வந்தால் 'எந்தத் தேதிக்குள்?' என்று கேளுங்கள். பணிவாகவே கேளுங்கள், சண்டை வேண்டாம். எழுவாய் கேட்பது குற்றம் ஆகாது. அது ஐந்தாம் வகுப்பு இலக்கணம்! நாமும் அப்படியே எழுதுவோம். 'ஊரில் குப்பை கொட்டப்படுகிறது' என்று நாமே எழுதினால், கொட்டுகிற நாம் எங்கே போய் ஒளிந்தோம்?

கூட்டத்துக்கு வரும் வழியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "ஐயா, என் வார்த்தை?" என்றாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வில்வ மாலை தொங்கும் வெளியைச் சொல்லும்போது 'பிடிபடாதது' என்று எழுது. வாடிவாசல் காளையையும் வலைக்கண்ணில் தப்பிய குஞ்சையும் சொல்லும்போது 'பிடிபடாமல் போனது' என்று மகிழ்ந்து எழுது. கேள்விக்குப் பதில் சொல்லாத மனிதரைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சொல்லைக் கொடுக்காதே. அவருக்கு அது பெருமையாகிவிடும். அவரை 'நழுவுகிறார்' என்று எழுது. கூடவே பேரையும் தேதியையும் எழுது.

'படு' இன்னும் ஒன்று வைத்திருக்கிறது. பாடுபடு! மீன்பாட்டுக்கு விடியலில் எழுந்து போகிறவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடுபடாமல் எதுவும் படாது.

வீட்டுக்குப் போனதும் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு நோட்டு வாங்குங்கள். இருபது ரூபாய் நோட்டு போதும். நாற்றம் அடித்தால் தேதி, நேரம், காற்றின் திசை எழுதுங்கள். மனு கொடுத்தால் கொடுத்த நாளும் வாங்கியவரின் பதவியும் எழுதுங்கள். பதில் வந்தால் அதில் எழுவாய் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்வரிசைப் பிள்ளைகளே, அந்த வேலை உங்களுடையது. நாளைக் காலையிலிருந்தே தொடங்குங்கள்.